மெயின்லேண்டிலிருந்து வந்த லேசான ஷூ

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. மாவுக்கட்டைப் பிரித்து இன்னும் முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் குதிகாலை ஊன்றினால் உயிர் போய் வருகிறது. இதில் நலம் என்று எழுதினால் அது பச்சைப் பொய். நீ நலமாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து, கழுத்தில் பதக்கத்தோடு நீயும் நித்யாவும் இளநீர் குடிக்கிற போட்டோவைப் பார்த்தேன். உனக்குக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அதையும் மறைக்க மாட்டேன். பெற்ற வயிறு அப்படித்தான், திட்டிக்கொண்டே சந்தோஷப்படும்.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். இங்கே நம் ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற மலருக்குக் கொடுக்கப் போகிறேன் என்றதும் எதிர்வீட்டு மாயா பதறிப்போனாள். வங்காளத்துக்காரி, தமிழ் ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது, ஆனாலும் மானம் அவளுக்கும் ஒன்றுதானே. "தீதி, கர் கா பாத் கர் மே ரக்கோ" என்றாள், வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டுமாம். நான் கேட்கவில்லை. என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் மேட்டில் தூக்கிக்கொண்டு போனதை இந்த ஊர் முழுக்கப் போனில் பார்த்தது. பார்த்தவர்கள் அது எதனால் வந்தது என்று படித்தும் தெரிந்துகொள்ளட்டும். ஓடுகிற பிள்ளைகள் இப்போது இங்கேயும் நிறைய ஆகிவிட்டார்கள், அவர்களுக்காவது உபயோகப்படும்.

நீ அனுப்பிய விமான டிக்கெட் வந்து சேர்ந்தது. போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு, ஒருவழி. திரும்பி வருவதற்கு இல்லை. "வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துரும்மா, இனிமே அங்க தனியா கிடந்து என்ன பண்ணப் போற" என்று நீ போனில் சொன்னாய். கால் சரியில்லாதவள் கடலோரத்தில் தனியாக இருக்கக் கூடாது, இதுதான் உன் வாதம். வாதம் சரிதான். அந்தக் கால் எப்படிச் சரியில்லாமல் போனது என்பதை மட்டும் நீ விட்டுவிட்டாய். அதனால் ஷூவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் ஏன் ஓடுகிறேன் என்று என் மருமகள் நித்யாவுக்குத் தெரியாது. நீ சொல்லியிருக்க மாட்டாய். அவள் என்னை உடம்பைக் குறைக்க ஓடுகிறவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சுனாமி வந்த காலையில் நாம் தெற்கே இன்னொரு தீவில், ஹட்பேயில் இருந்தோம். அப்பா கப்பல் துறையில் டியூட்டிக்குப் போனவர், போனவர்தான். நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். நிலம் ஆடி நின்று, வெளியே எல்லோரும் கத்திக்கொண்டு ஓடியபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். எவ்வளவு தூரம்? பனைத்தோட்டம் வரைகூட இல்லை. ரப்பர் செருப்பின் வார் அறுந்தது, சேலை காலில் சுற்றியது, மூச்சு இரைத்தது, முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஓடு, திரும்பிப் பார்க்காதே என்று உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ ஓடினாய், திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னபடி செய்த பிள்ளை, அதில் உன்மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் கிடையாது. முகம் தெரியாத ஒரு தெலுங்குக்காரர் என் கையைப் பிடித்துத் தரதரவென்று மேட்டுக்கு இழுத்துப் போனார், நான் பிழைத்தேன். அன்றைக்கு மேட்டில், நீ கிடைப்பதற்கு முன், உன்னைத் தேடிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்தேன், இன்னொருமுறை தண்ணீர் வந்தால் என்னை யாரும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்று.

அப்பாவின் வேலையைக் கருணை அடிப்படையில் எனக்குக் கொடுத்தார்கள். போர்ட் பிளேருக்கு வந்து, ஷாதிபூரில் வாடகைக்கு வீடு எடுத்து, உன்னைப் பள்ளியில் சேர்த்த கையோடு நான் செய்த முதல் காரியம் அபர்டீன் பஜாரில் காதர் பாய் கடைக்குப் போய் ஒரு ஜோடி ஓடுகிற ஷூ வாங்கியதுதான். குதிகாலில் கெட்டியாக மேடு வைத்த பழைய மாடல். கையில் தூக்கினால் கனக்கும். உள்ளே காலை விட்டால் பின்னங்கால் மேலேயும் முன்னங்கால் கீழேயும் சரிவாக நிற்கும். சுடிதார் மேல் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு அதிகாலையில் ஓடினால் ஆட்டோக்காரர்கள் "ஆன்ட்டி, கிஸ்கே பீச்சே பாக் ரஹீ ஹோ?" என்று கிண்டல் செய்வார்கள். யார் பின்னாலும் ஓடவில்லை, எனக்கு முன்னால் ஓடத்தான் யாரும் இல்லை என்று தமிழில் சொல்லிவிட்டு ஓடுவேன். அந்த மாடலே தேயத் தேய வாங்கி இத்தனை வருஷம் ஓடினேன். கீழே மெரினா பார்க் வரை இறங்கி, கடலோரமாகப் போய், திரும்ப நம் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறிவிடுவேன். நிலம் ஆடினால் தெருவில் முதல் ஆளாக மேலே நிற்பவள் நான்தான், பாதி வழியில் மாயாவின் கைப்பையையும் வாங்கிக்கொண்டு.

அப்புறம்தான் நீ ஓட ஆரம்பித்தாய். கல்யாணத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக ஏதோ ஒரு குழுவில் சேர்ந்தீர்கள். உன் பேச்சே மாறிவிட்டது. எப்போது போன் செய்தாலும் அரைமணி நேரம் ஷூ பிரசங்கம். "இன்னுமா அந்தப் பழைய ஷூவ மாட்டிக்கிட்டு ஓடுற? குதிகால்ல செங்கலக் கட்டிட்டு ஓடுற மாதிரிம்மா அது. இப்ப யாரு அதெல்லாம் போடுறா? கையில எடுத்தா கனமே தெரியாது, அப்படி ஒண்ணு வந்திருக்கு. ஒன் காலு அளவ வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்பு, நான் வாங்கி விடுறேன்" என்றாய். எனக்கு ஷூவைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் காதில் நின்றது. சம்பாதிக்க ஆரம்பித்த நாளிலிருந்து நீ எனக்கென்று யோசித்து ஒரு பொருள் வாங்கியதில்லை. பண்டிகைக்குப் பணம் போடுவாய், அது வேறு.

இந்தத் தீவில் எல்லோரும் செய்கிற காரியம்தான், மெயின்லேண்டுக்குப் போகிறவர்களிடம் காகிதத்தில் காலை வரைந்து கொடுத்து அனுப்புவது. நானும் பழைய காலண்டர் தாளைத் தரையில் போட்டு, பக்கத்தில் ஆள் இல்லாததால் நானே உட்கார்ந்து குனிந்து பென்சிலால் காலைச் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஸ்கேலையும் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உட்கார்ந்து வரைந்தால் கால் ஒடுக்கமாக விழும், எழுந்து நின்று முழு எடையையும் போட்டால்தான் பாதம் விரிந்து சரியான அளவு காட்டும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தைப் பதிலாக அனுப்பினாய். என் ஆபீஸில் கூட வேலை செய்கிற செல்வியின் அண்ணன் கப்பலில் வரும்போது ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அடடா, என்ன ஷூ அது! டப்பாவைத் தூக்கியபோது உள்ளே ஒன்றுமே வைக்காமல் அனுப்பிவிட்டாயோ என்று சந்தேகப்பட்டேன். சுருட்டினால் சுருண்டது. அடிப்பகுதி முன்னாலும் பின்னாலும் ஒரே மட்டம். ஆபீஸ் முழுக்கக் காட்டினேன். "மகன் வாங்கி விட்டிருக்கான்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காதர் பாய் கடைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, கொசுவலைல தச்ச மாதிரி இருக்கு. நம்ம ஊரு மழைக்கு நாலு நாளு தாங்குமா?" என்று சிரித்தார். "உங்க கடையில இல்லாத சரக்குன்னா ஒங்களுக்கு எளக்காரம்தான்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். பழைய ஷூவை அன்றைக்கே மாயாவிடம் தோட்டத்தில் போட்டுக்கொள்ளக் கொடுத்தேன்.

போட்டுப் பார்த்தபோதே முன்னால் விரல் இடித்தது. சுண்டுவிரல் மடங்கி உட்கார்ந்தது. வேறு ஊர்க்காரியாக இருந்தால் டப்பாவை மூடித் திருப்பி அனுப்பியிருப்பாள். நாங்கள் அனுப்ப மாட்டோம். மெயின்லேண்டிலிருந்து வந்ததைத் திருப்பி அனுப்பும் வழக்கமே இந்தத் தீவில் கிடையாது. கப்பலில் யாரைப் பிடிப்பது, அங்கே யார் கடைக்குப் போவது, மாற்றி எப்போது வருவது? மிக்ஸியின் மூடி விரிந்து வந்தாலும், பீரோவின் கதவு கோணலாக வந்தாலும் 'சல் ஜாயேகா' என்று வைத்துக்கொள்வோம். இது போதும், ஓடிவிடும். வங்காளி, தெலுங்கன், மலையாளி, நாம் என்று அத்தனை பேருக்கும் பொதுவான வார்த்தை அது. உனக்கு நினைவிருக்கும், சுனாமிக்குப் பிறகு முகாமில் நமக்கு வந்த பெட்டிகள். இந்தப் புழுக்கத்தில் கம்பளி ஸ்வெட்டர் வந்தது. ஜரிகை வைத்த பார்ட்டி கவுன் வந்தது. ஒற்றைக்கால் ஷூ வந்தது, ஜோடி வரவேயில்லை. அனுப்பியவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அலமாரியைக் காலி செய்கிறவர்களுக்கும் நமக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அனுப்புகிறவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. உனக்குக் கிடைத்த பெரிய ஷூவின் முனையில் நான் காகிதத்தை அடைத்துக் கொடுத்து, நீ அதைப் போட்டுக்கொண்டுதான் இங்கே பள்ளிக்கூடம் போனாய்.

அதனால் நானும் நனைத்த செய்தித்தாளை முனையில் திணித்து ராத்திரி வைத்து, கொஞ்சம் இளக்கிப் போட்டுக்கொண்டேன். காலையில் ஓட்டம், அப்புறம் ஆபீஸுக்கும் அதே ஷூ, சாயங்காலம் காய்கறி வாங்கவும் அதே. பின்னங்காலில், ஆடுசதைக்குக் கீழே, கயிறு இழுத்துக் கட்டிய மாதிரி இருந்தது. பழகப் பழகச் சரியாகும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன். நான் முட்டாள் இல்லை தம்பி. வலி எது, பழக்கம் எது என்று ஐம்பது தாண்டியவளுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வாய், ஷூ எப்படி இருக்கிறது என்று கேட்பாய், தினம் முழுத் தூரமும் அதில்தான் ஓடுகிறேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஓடினேன். நீ கேட்டது என்னவோ "போட்டோ எடுத்தியாம்மா? குரூப்ல போடணும்" என்பதுதான்.

மூன்றாவது வாரமோ என்னவோ, நம் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது டப்பென்று ஒரு சத்தம். பின்னாலிருந்து யாரோ குதிகாலில் கல்லை விட்டெறிந்தார்கள் என்றே நினைத்துத் திரும்பினேன். யாரும் இல்லை. அடுத்த அடி வைத்தால் கால் கீழே இருப்பதாகவே தெரியவில்லை. ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஷூ மாத்தினீங்களா?" பின்குதிகால் தசைநார் பாதிக்கு மேல் அறுந்திருந்தது. வருஷக்கணக்காக உயர்ந்த குதிகாலில் ஓடியவளுக்கு அந்த நார் சுருங்கி, அந்த நீளத்துக்கே பழகியிருக்குமாம். ஒரே நாளில் மட்டமான அடிக்கு மாறினால் ஒவ்வொரு அடிக்கும் அதை இழுத்து இழுத்து விடுகிறோம், அதுவும் ஏற்றத்தில். "லேசான ஷூல தப்பு கிடையாதும்மா, மாறின வேகத்துலதான் தப்பு" என்றாள். கட்டுப் போட்டுவிட்டாள்.

படுத்துக் கிடந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நீயும் இப்போது இன்னும் மெல்லியதான ஒன்றுக்கு மாறப்போகிறாய் என்று நித்யா சொன்னாள். கோபம் வேறு, இது வேறு, கேட்டுக்கொள். கனத்தை மட்டும் பார்த்து வாங்காதே. கையில் லேசாக இருப்பது காலில் நல்லதாக இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. முதலில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் அடியின் உயரம் எவ்வளவு வித்தியாசம் என்று பார். இப்போது போடுவதைவிடக் கொஞ்சம்தான் குறைந்திருக்க வேண்டும். உயரமானதிலிருந்து நேராக மட்டமானதற்குத் தாவாதே, நடுவில் ஒன்று வாங்கி அதைத் தேயவிடு. கடைக்குச் சாயங்காலம் போ, கால் பகல் முழுக்க வீங்கியிருக்கும், அதுதான் ஓடும்போது உள்ள கால். எழுந்து நின்று பார், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். விரல்கள் உள்ளே விரிய வேண்டும். வளைத்துப் பார்த்தால் விரல் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும், நடுவில் ஒடியக் கூடாது. ஈரச் சிமெண்டில் அடி வழுக்குகிறதா பார், கடைக்காரன் முறைத்தால் முறைக்கட்டும். வாங்கி வந்ததும் வீட்டுக்குள் நட. பிறகு வாரத்தில் இரண்டு தடவை, சமமான ரோட்டில், கொஞ்ச தூரம். மற்ற நாளெல்லாம் பழையதுதான். ஆடுசதை கெஞ்சினால் நிறுத்து. பழையதை அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதே, புதுசு பழகும்வரை உன்னைத் தாங்கப்போவது அதுதான். இதில் நான் தத்துவம் எதையும் மறைத்து வைக்கவில்லை, ஷூவைப் பற்றித்தான் சொல்கிறேன். பெற்றவளைப் பற்றிச் சொல்வதாக இருந்தால் நேராகவே சொல்வேன், எனக்கென்ன பயம்?

கட்டோடு கிடந்தபோதுதான் அந்த நடுக்கம் வந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. கட்டில் ஆடியது, தட்டு விழுந்தது. தெருவில் "பாகோ, பாகோ", ஓடு ஓடு என்று சத்தம். கால்கள் ஓடுகிற சத்தம் ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயந்தேன் என்று எழுதினால் போதாது. ஆத்திரம் வந்தது. இதற்குத்தானா இத்தனை வருஷம் ஓடினோம் என்று என் காலையே அடித்தேன். அப்போது மாயா உள்ளே வந்தாள். மேலே பாதி ஏறிப் போனவள் திரும்பி வந்திருக்கிறாள். "அரே தீதி, பைட்டோ, பைட்டோ!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் வீட்டுக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் என்னைக் கிண்டல் செய்கிற இரண்டு பேர், அவள், நாலு பேருமாக என்னைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். என் கட்டுப்போட்ட கால் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. எவனோ ஒருவன் சிரித்துக்கொண்டே போனில் பிடித்தான். தண்ணீர் வரவில்லை, சாயங்காலம் அதே நாற்காலியில் கீழே இறக்கினார்கள்.

மறுநாள் நீ போன் செய்தாய். எனக்கு என்ன ஆனது என்று கேட்பாய் என்று எடுத்தேன். "என்னம்மா இது? எங்க பழைய ஸ்கூல் குரூப்ல எல்லாம் சுத்திக்கிட்டு இருக்கு. பூரா பயலும் சிரிக்கிறான். மானமே போச்சு" என்றாய். அப்புறம்தான் வலிக்கிறதா என்று கேட்டாய். அந்த வரிசையை நான் மறக்க மாட்டேன். அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டாய். மானம் போனதும் அம்மா ஞாபகம் வந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். வயசாகிறது, பிள்ளை கூப்பிடுகிறான், வாயை மூடிக்கொண்டு போவோம் என்று பெட்டியைக்கூட இறக்கித் துடைத்து வைத்தேன். அப்போதுதான் நித்யா பேசினாள். நல்ல பெண், வெள்ளை மனசு. ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டாள். "அத்தை, எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. அந்த ஷூ எனக்குன்னு வாங்கினது அத்தை. எனக்குக் கொஞ்சம் லூசாப் போச்சு. ரிட்டர்ன் பண்ற தேதியும் தாண்டிருச்சு. சும்மாதானே கிடக்கு, அம்மாவுக்கு ஆகும்னு அவர்தான் அனுப்பினார். நான் அப்பவே உங்க அளவு பாத்தீங்களான்னு அவர்கிட்ட கேட்டேன்" என்றாள். பரவாயில்லம்மா, நீ என்ன பண்ணுவ என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன். காலில் நார் அறுந்தபோது அழவில்லை, நாற்காலியில் போனபோது அழவில்லை, உன் அப்பா திரும்பி வராதபோது உனக்கு முன்னால் அழக்கூடாது என்று அடக்கினேன். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். நான் தரையில் குனிந்து வரைந்த கால் படத்தை நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. வேண்டாததை அனுப்பினாய். நான் அதைப் போட்டுக்கொண்டு ஊர் முழுக்க, மகன் எனக்காக வாங்கியது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நித்யாவிடம் இதைக் கேட்டுச் சண்டை போடாதே. அவள் பொய் சொல்லாதவள், உனக்கு அப்படி ஒருத்தி வாய்த்ததற்கு நீ கொடுத்து வைத்தவன். நீயும் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு கசக்காது, தலைமுழுகிவிட்டுப் போயிருப்பேன். உனக்கு நேரமில்லை, மறந்துபோயிற்று, அம்மாதானே என்று இருந்துவிட்டாய். நானும் உன்னை அப்படித்தான் வளர்த்தேன். எது கொடுத்தாலும் எது கொடுக்காவிட்டாலும் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று நீ நினைக்கும்படியாக எல்லாவற்றையும் சல் ஜாயேகா, சல் ஜாயேகா என்று வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது முதல்தடவையாகச் சொல்கிறேன், எனக்கு இது போதாது.

நான் வரவில்லை. நல்லா யோசித்துத்தான் சொல்கிறேன். நீ அனுப்பிய டிக்கெட்டில் போட்டிருக்கிற நாளில் நான் கவுன்டரில் உட்கார்ந்து கப்பல் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருப்பேன். போன வாரமே வேலையில் சேர்ந்துவிட்டேன். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றுகிறேன். காலையில் மாயாவின் வீட்டு வாசல்வரை நடக்கிறேன், நாளைக்கு இன்னும் கொஞ்சம் நடப்பேன். மேட்டின் உச்சிக்கு என் காலால் போகிற நாள் வரும். வராமலும் போகலாம், டாக்டரம்மாவே உறுதியாகச் சொல்லவில்லை. அப்படி வராவிட்டால், தண்ணீர் வருகிற அன்றைக்கு, பாதி மேட்டிலிருந்து எனக்காகத் திரும்பி வந்தவள் எதிர்வீட்டில் இருக்கிறாள். உன் சென்னை வீட்டில் ஏழாவது மாடியில் எனக்குத் தண்ணீர் பயம் இருக்காது. ஆனால் அங்கே நான் எதற்கு இருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன், நீங்கள் இரண்டு பேரும் ஓடிவிட்டு வரும்வரை கதவைத் திறக்க இருப்பேன்.

கோபம் ஆறினால் நீயே ஓடி வருவாய் என்று மாயா சொல்கிறாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நீ இந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை வருஷம் என்று உனக்கே தெரியாது. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். என்னை அழைத்துக்கொண்டு போக வருவதானால் வராதே. ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாமல் என்னோடு நாலு நாள் இருந்துவிட்டுப் போக வருவதானால், நீயும் நித்யாவும் வாருங்கள்.

அம்மா